கோழிக்கூடும் முற்றமும்



கொட்டகலையிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் லயங்களை விட்டுப் புதிய தனி வீடுகளுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் இன்று பல உள. புது வீட்டுக்கு வந்தவுடன் அவர்கள் செய்யும் காரியங்களுள் ஒன்று, வீட்டின் பின்புறத்தில் ஒரு கோழிக்கூடு அமைப்பது. அமைத்தபின் எழும் வினா ஒன்றுண்டு. கூடு ஒன்று போதாதா? அதன் அருகே வலையடைத்து ஒரு முற்றமும் விடவேண்டுமா? இருக்கும் சிறிய காணியில் நாலு பாத்தி கோவாவும் கரட்டும் போடும் இடத்தைக் கோழிக்கு ஏன் கொடுக்கவேண்டும்?

வினா சிறிதாகத் தோன்றும். ஆயினும் வரலாறு கற்பிக்கும் ஒருவனுக்கு இதனை எளிதில் கடந்துசெல்ல முடியவில்லை. கோழிக்கு முற்றம் வேண்டுமா என்னும் வினாவை மனிதன் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளாகக் கேட்டும், விடை கண்டும், கண்ட விடையை மறந்தும், மீண்டும் கண்டும் வந்திருக்கிறான். அந்த நீண்ட கதையினுள்ளே மலைநாட்டு மக்களாகிய நம்முடைய இருநூறு ஆண்டுக் கதையும் ஓரிடத்தில் வந்து கலக்கின்றது. இன்றைய பேச்சில் அவ்விரண்டையும் சேர்த்தே நோக்குவோம்.

முதலில் கோழி எங்கிருந்து வந்தது என்பதைப் பார்ப்போம். உலகில் இன்று வளர்க்கப்படும் வீட்டுக்கோழிகளின் மூதாதை, தென்கிழக்காசியக் காடுகளில் வாழும் சிவப்புக் காட்டுக்கோழியாகும். 2022 ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சிகள், ஐயத்துக்கிடமில்லாத மிகப் பழைய வீட்டுக்கோழி எலும்புகள் தாய்லாந்தின் நடுப்பகுதியிலுள்ள பான் நொன் வாட் என்னும் இடத்தில் கிடைத்தவை என்றும், அவை கி.மு. 1650க்கும் 1250க்கும் இடைப்பட்டவை என்றும் தெரிவித்தன. மனிதன் காட்டை வெட்டி நெல்லும் தினையும் விதைத்தான். சிந்திய தானியத்தைத் தேடிக் காட்டுக்கோழி அவன் வயலோரத்துக்கு வந்தது. வந்தது அங்கேயே தங்கிவிட்டது. இதுவே அவ்வாராய்ச்சியாளர் கூறும் வரலாறு. கோழியை மனிதன் பிடித்து அடைத்தான் என்பதைவிட, கோழி தானாகவே மனிதனின் நிலத்துக்கு மேய வந்தது என்பதே பொருந்தும். தென்னிந்தியக் காடுகளின் சாம்பற் காட்டுக்கோழிக்கும் இதில் ஒரு பங்குண்டு. வீட்டுக்கோழிகள் பலவற்றின் மஞ்சள் நிறத் தோல் அதன் வழியாக வந்த கொடை என்று 2008 இல் கண்டறியப்பட்டது.

நமது இலங்கைத் தீவுக்கே உரிய காட்டுக்கோழி ஒன்றும் உண்டு. அதுவே இந்நாட்டின் தேசியப் பறவை. வீட்டுக்கோழியின் நேர் மூதாதை அன்று, நெருங்கிய உறவு. சேவலின் சிவந்த கொண்டையின் நடுவே மஞ்சள் நிறம் விளங்கும். ஹோர்ட்டன் சமவெளியிலும் ஹக்கலைக் காட்டிலும் விடியற்காலையில் அதன் குரலைக் கேட்கலாம். மலைக்காடுகளில் நெலுச்செடிகள் பூத்து விதை உதிர்க்கும் காலத்தில் இப்பறவைகள் அங்கே கூட்டமாக வந்து மேயும். இவற்றின் நாளாந்த வாழ்க்கையை உற்று நோக்குவோர்க்கு ஓர் உண்மை விளங்கும். காட்டுக்கோழிக்கு இரண்டு வீடுகள் உள்ளன. இரவுக்கு மரக்கிளை, பகலுக்குத் தரை. பொழுது சாய்ந்ததும் உயரத்துக்குப் போகும். பொழுது விடிந்ததும் இறங்கி, காலால் சருகைக் கிளறி, அலகால் கொத்தி, விதையும் புழுவும் பூச்சியும் தளிரும் தேடும். பகற்பொழுதின் பாதிக்கு மேற்பட்ட நிமிடங்களில் கோழியின் அலகு தரையைக் கொத்திக்கொண்டே இருக்கிறதென்று, காட்டுக்கோழிகளைப் பொழுதெல்லாம் அவதானித்த விஞ்ஞானிகள் கணக்கிட்டுள்ளனர்.

நாம் அடிக்கும் கூடு மரக்கிளைக்கு ஈடானது. கள்வரிடமிருந்தும் மழையிலிருந்தும் கீரியிடமிருந்தும் மரநாயிடமிருந்தும் இரவிலே அது கோழியைக் காக்கும். அப்படியானால் தரைக்கு ஈடாக நாம் எதைக் கொடுக்கிறோம்? முற்றம் வேண்டுமா என்ற வினாவின் உட்பொருள் இதுவே.

பழந்தமிழர் இவ்வினாவைக் கேட்கவேண்டிய தேவை இருக்கவில்லை. சோழர் தலைநகராகிய உறையூருக்குக் கோழி என்றே ஒரு பெயர் இருந்தது. முருகப்பெருமானின் கொடியிலே சேவல் விளங்குகிறது. காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலையில், முற்றத்தில் உலரவிட்ட தானியத்தைக் கவர வந்த கோழியை விரட்ட, வீட்டுப் பெண்கள் தம் காதணியைக் கழற்றி எறிந்த காட்சி வருகின்றது. செல்வச் சிறப்பைக் காட்டவே புலவர் அதனைச் சொன்னார். நமக்கு அதிலிருந்து வேறொரு செய்தியும் கிடைக்கிறது. அக்காலத்துக் கோழி வீட்டு முற்றத்தில் தன் விருப்பப்படி உலாவியது என்பதே அது. நம் முன்னோர் விட்டுவந்த தமிழகத்துக் கிராமங்களிலும் நிலைமை அதுதான். குஞ்சும் தாயும் வாழும் நாட்களில் பருந்துக்கு அஞ்சிப் பஞ்சாரத்தைக் கவிழ்த்து மூடுவார்கள். மற்றைப் பொழுதுகளில் கொல்லையும் தெருவும் அறுவடையான வயலும் கோழிக்கே உரியவை.

கூட்டையும் முற்றத்தையும் திட்டமிட்டுச் சேர்த்துக் கட்டியதை எழுதிவைத்தவர்கள் உரோமர். கி.மு. 37 அளவில் வேளாண்மை நூல் எழுதிய வர்ரோ என்னும் அறிஞர், இருநூறு கோழிகள் வளர்ப்போனுக்குக் கூறிய அறிவுரை வியக்கத்தக்கது. கிழக்கு நோக்கிய கூடுகளும், அவற்றின் முன்னே, பகலில் கோழிகள் இருக்கவும் புழுதியில் புரளவும் தக்கதாக அடைக்கப்பட்ட ஓர் இடமும் வேண்டுமென்றார். அவருக்கு அடுத்த நூற்றாண்டில் எழுதிய கொலுமெல்லா, கோழிக்கூடு சமையலறைக்கு அருகில் இருந்தால் அடுப்புப் புகை பட்டுக் கோழிகள் நலமாக இருக்குமென்றும், கூரை நிழலின் கீழே காய்ந்த புழுதியும் சாம்பலும் இட்டுவைத்தால் அவை அதில் குளித்துத் தம் இறகைத் துப்புரவு செய்துகொள்ளுமென்றும் எழுதினார். கூரையிட்ட முற்றமும் அடுப்புச் சாம்பலும் என்ற இவ்விரண்டையும் நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கொட்டகலை மழைக்கு ஏற்ற விடை அதனுள்ளேயே இருக்கிறது.

இனி நமது கதைக்கு வருவோம். 1824 ஆம் ஆண்டில் ஜோர்ஜ் பேர்ட் என்பவர் கம்பளைக்கு அருகே சிங்கபிட்டியவில் கோப்பித் தோட்டம் திறந்தார். 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்தூரையில் தேயிலை பயிரிட்டார். 1869 இல் தோன்றிய இலைநோய் பின்வந்த ஆண்டுகளில் கோப்பியை அழிக்கவே, மலையெங்கும் தேயிலை பரவிற்று. புகையிரதப் பாதை 1884 இல் ஹட்டனையும், கொட்டகலையைக் கடந்து 1885 இல் நானுஓயாவையும் அடைந்தது. இந்த மலைகளைத் திருத்தத் தமிழகத்திலிருந்து வந்த மக்களுக்குக் கட்டிக்கொடுக்கப்பட்டவை லயங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட காம்பராக்கள் வரிசையாக நிற்கும். இரட்டை லயமாயின் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும். முன்னே இஸ்தோப்பு, இஸ்தோப்பின் கீழே கான், கானுக்கப்பால் பொதுப் பாதை, பாதைக்கப்பால் தேயிலை. கொல்லை, புழக்கடை, முற்றம் என்னும் சொற்களைத் தம் ஊரிலிருந்து கொண்டுவந்த மக்களுக்கு, அச்சொற்கள் குறிக்கும் இடங்கள் இங்கே இல்லாது போயின.

ஆயினும் கோழி இல்லாது போகவில்லை. இஸ்தோப்பின் மூலையில் பலகைப் பெட்டியொன்று கூடாயிற்று. தகரத் துண்டும் தேயிலை மிலாறும் அதற்கு மூடியும் சுவருமாயின. நோய்ப்பட்ட பிள்ளைக்கு முட்டை, விருந்தாளிக்குக் குழம்பு, நேர்த்திக்கடனுக்கு முனியாண்டிக்கும் தொழிற்சாலையைக் காக்கும் ரோதைமுனிக்கும் சேவல் என்று, சம்பளத்துக்கு வெளியே குடும்பத்துக்கு இருந்த சிறு சேமிப்பு அந்தப் பெட்டிக்குள் இருந்தது. பகலிலோ அக்கோழி எங்கே போகும்? கானோரத்தில் மேயும், பக்கத்து வீட்டுக்காரரின் மரக்கறிப் பாத்தியைக் கிளறும், சண்டை மூளும். தேயிலை மலைக்குள் புகுந்தால் கணக்கப்பிள்ளையின் கோபத்துக்கு ஆளாக நேரும். எஞ்சிய வழி, பகலெல்லாம் பெட்டிக்குள்ளேயே அடைத்துவைப்பது. கொழுந்தெடுக்கக் காலையில் மலையேறும் தாய் மாலையில் திரும்பும்வரை கோழி இருளில் இருக்கும்.

முற்றம் ஏன் அடைக்கவில்லை என்று கேட்பது எளிது. தோட்டத்துக் காணியில் ஒரு கம்பு நடுவதற்கும் நிருவாகத்தின் இசைவு வேண்டியிருந்தது என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம் அதைவிட ஆழமானது. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் நம் மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரில் செய்யப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்குப் போகவும் 3,00,000 பேர் இங்கே தங்கவும் வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரின் நிலை பின்னர் தீர்மானிக்க விடப்பட்டது. அடுத்த ஆண்டு இவ்வீட்டில் இருப்போமா, இந்தியாவுக்குக் கப்பலேறுவோமா என்று அறியாத மனிதன் வேலி நடமாட்டான். 1972 இலும் 1975 இலும் வந்த காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுக்குச் சென்றன. 1992 இல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளுக்குச் சென்றது. கைமாறிய ஒவ்வொரு முறையும் வேலி நடும் உரிமை லயத்தில் வாழ்ந்தவனிடம் வரவில்லை. நாடற்றோர் நிலை சட்டத்தால் முற்றாக நீங்குவதற்கு 2003 ஆம் ஆண்டின் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் வேண்டியிருந்தன. கோழிக்கு முற்றமில்லாத காரணம், கோழியை வளர்த்தவனுக்கே முற்றமில்லாததுதான்.

இனி வெளியுலகுக்குச் செல்வோம். நாம் வேறு வழியின்றிக் கோழியை அடைத்து வைத்திருந்தோம். அங்கே அறிவின் துணையோடு அடைத்துப் பார்த்தார்கள். அதிலிருந்து நாம் கற்கவேண்டியது நிறைய உண்டு.

முதற் பாடம் ஜாவாவிலிருந்து வருகிறது. 1889 ஆம் ஆண்டளவில் பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், கிறிஸ்தியான் எய்க்மன் என்னும் ஒல்லாந்து வைத்தியர் பெரிபெரி நோயை ஆராய்ந்து கொண்டிருந்தார். ஆய்வுக்கென அடைத்துவைத்த கோழிகள் திடீரெனக் கால் தளர்ந்து, நிற்கமாட்டாமல் விழுந்தன. சில மாதங்களின் பின் தாமாகவே தேறின. விசாரித்தபோது உண்மை வெளிப்பட்டது. நடுவிலே சில காலம், இராணுவ வைத்தியசாலைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளையரிசிச் சோறே கோழிகளுக்குப் போடப்பட்டது. புதிய சமையற்காரர் ஒருவர் இராணுவத்தாரின் சோற்றைக் கோழிகளுக்குத் தர மறுத்ததால், அவற்றுக்குப் பழையபடி தவிடு நீங்காத மலிவு அரிசி கிடைத்தது; நோயும் நீங்கிற்று. பின்னர் ஜாவாவின் நூற்றுக்கு மேற்பட்ட சிறைச்சாலைகளில் வொர்டர்மன் என்பவர் நடத்திய விசாரணை, மனிதர்க்கும் இதே உண்மை பொருந்துமெனக் காட்டியது. உயிர்ச்சத்து என்னும் அறிவுக்கு வித்திட்ட இப்பணிக்காக 1929 இல் எய்க்மனுக்கு நோபெல் பரிசு கிடைத்தது. உலாவும் கோழி சோற்றைத் தின்றாலும் விதையும் பூச்சியும் பச்சிலையும் தேடி அக்குறையை நிரப்பிக்கொள்ளும். அடைத்த கோழிக்கு நம் கை கொடுப்பதைத் தவிர வேறு உலகமில்லை. மிஞ்சிய சோற்றை மட்டுமே கூட்டுக்குள் போடும் வழக்கம் இன்றும் நம் வீடுகளில் உண்டு. ஆதலின் இப்பாடம் நமக்கு மிக அருகானது.

இரண்டாம் பாடம் அமெரிக்காவிலிருந்து வருகிறது. அங்கே குளிர்காலத்தில் வீட்டுக்குள் அடைத்து வளர்த்த குஞ்சுகள் காலெலும்பு மெலிந்து, வளைந்து, இறந்தன. கால்தளர்ச்சி என்று அந்நோயை அழைத்தனர். 1920களின் தொடக்கத்தில் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்து ஹார்ட், ஹால்பின், ஸ்டீன்பொக் ஆகியோர் அதன் காரணத்தை ஆராய்ந்தனர். வெயில் பட்ட குஞ்சுகளுக்கு அந்நோய் வரவில்லை. கொட் மீனின் ஈரலெண்ணெய் கொடுத்தாலும் வரவில்லை. சாளரக் கண்ணாடியினூடே வரும் வெளிச்சம் மட்டும் போதவில்லை. வெயில் தோலிற்பட்டு உடலில் உண்டாக்கும் ‘டி’ உயிர்ச்சத்தே எலும்பையும் முட்டையோட்டையும் உறுதிப்படுத்துகிறது என்பது இவ்வாறு தெளிவாயிற்று.

அக்கண்டுபிடிப்பைப் படித்தவர்கள் இருவேறு முடிவுக்கு வந்திருக்கலாம். ஒன்று, கோழியை வெயிலில் விடுவது. மற்றொன்று, வெயிலைப் போத்தலில் அடைத்துத் தீவனத்தோடு கலப்பது. உலகம் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தது. 1923 இல் டெலவேர் மாநிலத்துச் சிசில் ஸ்டீல் என்ற பெண்மணி ஐம்பது குஞ்சுகளுக்குச் சொல்லியனுப்ப, ஐந்நூறு வந்து சேர்ந்தன. அவற்றை வீட்டுக்குள் வளர்த்து இலாபத்துக்கு விற்றார். 1926 இல் அவருடைய கூடாரத்தில் பதினாயிரம் கோழிகள் இருந்தன. இறைச்சிக்கோழிக் கைத்தொழில் இவ்வாறு வளர்ந்தது. முட்டைக்கோழியும் அடுக்குக் கம்பிக் கூண்டுக்குள் சென்றது. 1844 இல் நோர்விச் நகரத்துச் சார்ள்ஸ் பார்னாட், துணி நெய்யும் முறையைப் பின்பற்றிக் கம்பிவலை பின்னும் பொறியை அமைத்தபோது, எளியவனும் முற்றம் அடைக்கலாம் என்ற வழி பிறந்தது. நூறாண்டு செல்வதற்குள் அதே கம்பி முற்றத்தை ஒழித்துக் கூண்டாயிற்று.

அதற்கும் ஒரு மறுப்பு எழுந்தது. 1964 இல் ரூத் ஹரிசன் என்னும் ஆங்கிலப் பெண்மணி இவ்வகைப் பண்ணைகளைக் கண்டித்து நூலெழுதினார். 1965 இல் பிரித்தானிய அரசு அமைத்த பிரம்பெல் குழு, வளர்ப்புப் பிராணி ஒவ்வொன்றுக்கும் எழுந்து நிற்கவும், படுக்கவும், திரும்பவும், தன்னைத் துப்புரவு செய்யவும், கைகால் நீட்டவும் இடமிருக்க வேண்டும் என்றது. 1970களில் ஒக்ஸ்போர்டில் மரியன் டோக்கின்ஸ் என்னும் விஞ்ஞானி, கோழியின் விருப்பத்தைக் கோழியிடமே கேட்டறிய முற்பட்டார். ஒரு பக்கம் கூண்டு; மறுபக்கம் புல்வெளி முற்றம். கூண்டிலேயே வளர்ந்த கோழிகள் முதலில் பழகிய கூண்டையே நாடின. சில முறை முற்றத்தை அறிந்தபின் அவையும் முற்றத்தையே தேர்ந்தன. அறியாமையால் ஏற்றுக்கொண்டதை விருப்பமென்று எண்ணிவிடக்கூடாது என்பதை இதைவிடத் தெளிவாக எவரும் காட்டியதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 1999 இல் ஒரு கட்டளை பிறப்பித்து, கோழி ஒன்றுக்கு 550 சதுர சென்ரிமீற்றர், அதாவது தட்டச்சுத் தாள் ஒன்றினும் குறைந்த இடம், கொடுத்துவந்த வெறுங்கூண்டுகளை 2012 ஜனவரி முதல் தடைசெய்தது.

இவ்வளவு கேட்டபின், கூட்டை எறிந்துவிட்டுக் கோழியைத் திறந்துவிடுவதே நீதி என்று சிலர் எண்ணலாம். வரலாறு அதனையும் ஒப்புவதில்லை. 1926 இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்திலும் கோழிகளைக் கூட்டங்கூட்டமாக அழித்த கொள்ளைநோய் ஒன்று அறியப்பட்டது. மறு ஆண்டிலேயே வட இந்திய மலைநகராகிய ராணிக்கெட்டில் அது காணப்பட்டது. நம் மக்கள் வெள்ளைக்கழிச்சல் என்று அழைக்கும் ராணிக்கெட் நோய் அதுவே. எல்லாக் கோழியும் எல்லா முற்றத்திலும் மேயும் இடத்தில் ஒரு வீட்டு நோய் ஊர் நோயாகும். லயத்தின் தொங்கலில் ஒரு கோழி சுருண்டால், வாரம் முடியுமுன் மறு தொங்கல்வரை கூடுகள் வெறுமையாவதை நாம் கண்டிருக்கிறோம். அண்மையில் பறவைக் காய்ச்சல் பரவியபோது, 2021 நவம்பர் முதல் 2022 மே வரை பிரித்தானியாவில் எல்லாக் கோழிகளையும் உள்ளே அடைத்து வைக்கும்படி அரசு ஆணையிட்டது. முற்றத்தின் நன்மையை நன்கறிந்த நாடே, அதன் கதவை மூடவேண்டிய காலமும் உண்டென்று கண்டது.

நமக்கோ மழையும் ஒரு பகை. கொட்டகலை ஏறத்தாழ நாலாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. மே மாதம் தொடங்கித் தென்மேல் பருவக்காற்று மழையையும் பனிமூட்டத்தையும் நாட்கணக்கில் இறக்கும். மழையில் ஊறிய சிறு முற்றம் சில வாரங்களில் எச்சமும் சேறுமாகிவிடும். இரத்தக்கழிச்சல் நோயின் கிருமியும் குடற்புழுவின் முட்டையும் ஈர மண்ணிலேதான் முற்றிப் பெருகும். ஆகவே திறந்த சேற்று முற்றத்தைவிட உலர்ந்த கூடு நல்லது என்று ஒருவர் சொன்னால், அவரைக் குறைகூற இயலாது. ஆனால் அவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் கொலுமெல்லா கூறிய கூரையிட்ட முற்றமே அது.

ஆறு கோழி வளர்க்கும் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். கூட்டுக்குக் கோழியொன்றுக்கு மூன்று நான்கு சதுர அடியும், முற்றத்துக்குக் கோழியொன்றுக்குப் பத்துச் சதுர அடியும் கொண்டால், முற்றம் ஆறடிக்குப் பத்தடியில் அமையும். அதன் பாதிக்கு மேல், கூட்டை ஒட்டிய பக்கத்தில், பழைய தகரம் இட்டு மழையை மறைக்கவேண்டும். மறுபாதி காலை வெயிலுக்குத் திறந்திருக்கட்டும். பருந்துக்கு அஞ்சி அதன் மேல் வலை மட்டும் போதும். சரிவான நிலத்தில் மேட்டுப் பக்கமாக ஒரு சிறு கான் வெட்டினால் மழைநீர் உள்ளே வராது. கீரி தோண்டாதபடி வலையின் அடியை அரையடி மண்ணுக்குள் புதைக்கவேண்டும். தகரத்தின் கீழே அடுப்புச் சாம்பலையும் காய்ந்த மண்ணையும் கொட்டிவைத்தால் கோழி அதில் புரண்டு பேன் செல்லை நீக்கிக்கொள்ளும். இரண்டு நாளுக்கொரு முறையேனும் புழுதிக் குளியல் அதன் இயல்பு. காய்ந்த புல்லும் சருகும் பரப்பி, நனைந்ததை வாரி மரக்கறிப் பாத்திக்கு எருவாக்கினால், கோழிக்கு விட்ட இடம் பாத்திக்கே திரும்பி வருகிறது. சோற்றோடு கொஞ்சம் தவிடு, தேங்காய்ப் புண்ணாக்கு, நெத்தலித் தலை, பொடித்த முட்டையோடு, தோட்டத்துக் கீரைத்தண்டு ஆகியவற்றையும் போட்டால் எய்க்மனின் பாடத்தை நாம் மறக்கவில்லை என்பதாகும். ராணிக்கெட் தடுப்பூசியைக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்டுப் போடுவித்தால், முற்றத்தின் பெரும் அச்சமும் நீங்கும்.

போத்தலில் அடைத்த வெயிலும் மூடையில் வரும் கலப்புத் தீவனமும் உள்ள பண்ணைக்காரன், முற்றமின்றியும் கோழியைப் பிழைக்கவைக்கலாம். அவற்றை வாரந்தோறும் விலைகொடுத்து வாங்க இயலாத தொழிலாளி வீட்டில், முற்றமே தீவனக்கடை, முற்றமே மருந்துக்கடை. வசதியுள்ளவனுக்கு முற்றம் இரக்கத்தின் பாற்பட்டது. வசதியற்றவனுக்கு அது தேவையின் பாற்பட்டது. வரலாறு நமக்குத் தரும் விடை இது என்றே கருதுகிறேன்.

இந்த விடைக்குப் பின்னே கோழியைவிடப் பெரியதொரு பொருள் இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் மக்கட்டொகை, சுகாதார அளவீட்டின்படி, நாடு முழுவதிலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நூற்றுக்கு 17 பேர். தோட்டப் பகுதியில் மட்டும் அத்தொகை நூற்றுக்கு 32. எமது பாடசாலைகளின் காலைக் கூட்டத்தில் வரிசையில் நிற்கும் பிள்ளைகளின் தோளுயரத்தைக் கண்டவர்க்கு அவ்வெண் புதிதன்று. ஆறு நாட்டுக்கோழி அக்குறையை முழுதும் தீர்த்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆயினும் வாரத்தில் சில நாட்கள் ஒரு பிள்ளையின் தட்டில் ஒரு முட்டை இருப்பது, இல்லாதிருப்பதைவிடப் பெரிதும் மேலானது. இருளில் அடைந்து, சோறு மட்டும் தின்ற கோழி முட்டையிடத் தயங்கும். வெயிலில் கிளறிய கோழி அவ்வளவு தயங்காது.

2015 ஆம் ஆண்டுக்குப் பின் 7 பேர்ச்சஸ் காணியோடு தனி வீடு என்னும் கொள்கை நம் மலைகளில் செயலுக்கு வந்தது. 2017 மே 12 ஆந் திகதி நோர்வூட்டில் நடந்த கூட்டத்தில், இந்தியப் பிரதமர், முன்னர் ஒப்புக்கொண்ட 4,000 வீடுகளுக்கு மேலாக மேலும் 10,000 வீடுகளுக்கு உதவி அறிவித்தார். பல்லாயிரம் குடும்பங்கள் இன்னும் லயத்திலேயே இருக்கின்றன என்பதையும் மறக்கலாகாது. 7 பேர்ச்சஸ் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. வீடு 550 சதுர அடி கொண்டால் ஆயிரத்து முந்நூறுக்கு மேல் எஞ்சும். அதில் கோழியின் முற்றம் கேட்பது அறுபது சதுர அடி. பழைய லயக் காம்பரா 120 சதுர அடி. ஒரு குடும்பம் முழுவதும் பிறந்து, வளர்ந்து, சமைத்து, உறங்கி, இறந்த இடத்தின் பாதியை நாம் இன்று ஆறு கோழிக்கு அளந்து கொடுக்கப் பேசுகிறோம். நம் பாட்டனாருக்கு எவ்வளவு குறைவாக அளக்கப்பட்டது என்பதை இக்கணக்கு காட்டுகிறது. கோழிக்கு அதிகம் கேட்கிறோம் என்பது இதனால் பெறப்படாது.

ஆதலின் புதிய வீட்டுக்குப் போவோர்க்கு நாம் சொல்லக்கூடியது இது. கூட்டை மட்டும் கட்டி நிறுத்தாதீர்கள். லயத்தில் வேறு வழியின்றிப் பழகிய வழக்கத்தை, வழி பிறந்த பின்னும் சுமந்து செல்லவேண்டாம். மேலே தகரமும் சுற்றிலும் வலையும் அடியில் உலர்ந்த மண்ணும் கொண்ட சிறிய முற்றமொன்றைக் கூட்டோடு சேர்த்து அமையுங்கள். இன்னும் லயத்திலேயே இருப்போர், வாசலோரத்தில் நாலு கம்பு நட்டு, இடம்விட்டு இடம் தூக்கி வைக்கத்தக்க வலைப்பெட்டி ஒன்றையேனும் செய்து, காலையில் இரண்டு மணி நேரமாவது கோழிக்கு வெயிலும் தரையும் கொடுக்கலாம். அயலவர் பாத்திக்கும் கேடில்லை, சண்டைக்கும் இடமில்லை.

கொல்லை, முற்றம், புழக்கடை என்னும் சொற்கள் நம் மொழியில் இருந்தன. இருநூறு ஆண்டுகளாக நம் வாழ்வில் இடமின்றி இருந்தன. அச்சொற்கள் மீண்டும் பொருள் பெறும் காலத்தில், அங்கே முதலில் காலூன்றிக் கிளறுவது நம் வீட்டுக் கோழியாக இருக்கட்டும். அந்த முற்றத்தின் ஓரத்தில் ஒரு பிள்ளை முட்டையைக் கையிலெடுத்து நிற்குமாயின், வேலி நட்ட உழைப்பு வீண்போகாது.